தண்ணீர் இறங்காத மண்: அயர்லாந்தின் லீட்ரிம் பற்றி

அயர்லாந்து எழுத்தாளர் ஜான் மெகாஹர்னின் நாவல் ஒன்றைப் படித்து முடித்த நண்பர் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கதை நடக்கும் லீட்ரிம் எப்படிப்பட்ட இடம்? அங்கே ஜனங்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்? இத்தனை சின்ன மாவட்டத்துக்கு இவ்வளவு இலக்கியம் எங்கிருந்து வந்தது? எனக்கு இவை மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. அதனால் மண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

மெகாஹர்னே அப்படித்தான் தொடங்குகிறார். 2005இல் வந்த அவருடைய நினைவுக் குறிப்பு நூலின் முதல் வாக்கியம் பெற்றோரைப் பற்றியதல்ல, பிறந்த நாளைப் பற்றியதும் அல்ல. லீட்ரிம் மண் வளமற்றது, சில இடங்களில் ஓர் அங்குல ஆழம்கூடக் கிடையாது என்பதுதான் முதல் செய்தி. அந்த ஓர் அங்குலத்துக்குக் கீழே நீலச் சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பான களிமண், இல்லாவிட்டால் இறுகிப்போன சரளை. இரண்டுமே தண்ணீரை உள்ளே விடாது. பெய்கிற மழை மேலேயே நிற்கும். கோரையும் முரட்டுப் புல்லும் மண்டி வளரும். அந்தப் புல்லின் வேர்தான் மேல்மண்ணை அடித்துப் போகாமல் பிடித்து வைத்திருக்கிறது. லீட்ரிமில் நிலத்தை ஏக்கர் கணக்கில் விற்பதில்லை, தண்ணீர்போல கேலன் கணக்கில்தான் விற்பார்கள் என்று அயர்லாந்தில் ஒரு பழைய பேச்சு உண்டு.

சரி, வரைபடத்தைப் பார்ப்போம். அயர்லாந்தின் வடமேற்கில், கனாக்ட் மாகாணத்தில், சுமார் 1,590 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீளவாக்கான மாவட்டம் லீட்ரிம். டோனிகால், ஸ்லைகோ, ராஸ்காமன், லாங்ஃபோர்ட், கேவன் ஆகிய ஐந்து மாவட்டங்களும், வட அயர்லாந்தில் இருக்கும் ஃபெர்மானாவும் அதைச் சுற்றி இருக்கின்றன. கடல் உண்டா என்று கேட்டால், உண்டு: வடமேற்கு மூலையில் டல்லகன் என்ற கிராமத்தருகே நான்கைந்து கிலோமீட்டர். கடலைத் தொடும் அயர்லாந்து மாவட்டங்களில் இதைவிடக் குறுகிய கரை வேறெதற்கும் இல்லை. நடுவில் ஆலன் ஏரி மாவட்டத்தைக் கிட்டத்தட்ட இரண்டாக வெட்டுகிறது. வடக்குப் பாதி மலையும் பள்ளத்தாக்கும். சுண்ணாம்புப் பாறைச் சரிவுகள், அருவிகள், க்ளெனேட், க்ளென்கார் போன்ற ஆழமான பனிப்பள்ளங்கள். தெற்குப் பாதி வேறொரு உலகம். அங்கே மலை இல்லை, சமவெளியும் இல்லை. கவிழ்த்த முட்டைபோல வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள், மேடுகளுக்கு இடையே ஏரிகளும் சதுப்பும். கடைசிப் பனியுகத்தில் பனிப்பாளங்கள் நகர்ந்தபோது அடியில் அரைபட்ட களிமண்ணைக் குவித்து வழித்து விட்டுப்போன மேடுகள் இவை. புவியியலில் இவற்றை 'டிரம்லின்' என்பார்கள். உலகம் முழுக்கப் புழங்கும் இந்தச் சொல்லே ஐரிஷ் மொழியின் 'ட்ரிம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. முதுகு, மேட்டுமுகடு என்று பொருள்.

ஊர்ப் பெயர்களைச் சும்மா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ட்ரம்ஸ்னா, ட்ரம்ஷான்போ, ட்ரம்கீரன், ட்ரோமோட், ட்ரோமஹேர். எல்லாவற்றிலும் அதே மேடு. லீட்ரிம் என்ற பெயரே 'சாம்பல் நிற மேடு' என்பதுதான். ஐரிஷ் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் அருகிவிட்டார்கள். மொழி போன பிறகும் நிலத்தின் வடிவம் பெயர்களில் நிற்கிறது.

ஷானன் ஆறு பக்கத்துக் கேவன் மாவட்டத்தின் மலையடிவாரத்தில் ஒரு சின்னச் சுனையாகத் தோன்றி, ஆலன் ஏரியில் விழுந்து, அங்கிருந்து தெற்கே இறங்கித் தலைநகரான கேரிக்-ஆன்-ஷானன் வழியாகப் போகிறது. ஏரியின் கிழக்கே நிற்கும் மலையின் பெயர் ஷ்லீவ் அன் ஈரன், அதாவது இரும்பு மலை. பெயருக்கு ஏற்ப அங்கே இரும்புத் தாது இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் உலைகள் வந்தன. உலைக்குக் கரி வேண்டும் என்று சுற்றியிருந்த ஓக் காடுகளை வெட்டினார்கள். மரம் தீர்ந்ததும் இரும்பும் நின்றது. மேற்குக் கரையில், ராஸ்காமன் எல்லைக்குள் இருந்த அரிக்னா நிலக்கரிச் சுரங்கம் மட்டும் நீண்டகாலம் தாக்குப்பிடித்தது. குறுகலான மடிப்பில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கரி வெட்டும் வேலை. லீட்ரிம் ஆட்கள் பலருக்கும் அதுதான் சம்பளம். 1990இல் அதுவும் மூடப்பட்டது.

மற்றபடி பிழைப்பு என்றால் மாடுதான். ஏர் ஓட்ட முடியாத நிலம். கோதுமை, பார்லி என்று பெரிதாக எதுவும் விளையாது. உருளைக்கிழங்குக்கு 'லாய்' எனப்படும் ஒருபக்க மிதிமண்வெட்டியால் பாத்தி கட்டி, மேடாக்கி நட வேண்டும். மழைக்காலத்தில் மாட்டை வெளியே விட்டால் குளம்பு பட்டே நிலம் சேறாகிவிடும். அதனால் இலையுதிர்காலம் முடியும்போது கொட்டிலில் கட்டி, வசந்தம் வரை தீவனம் போட வேண்டும். அந்தத் தீவனத்துக்கான புல்லைக் கோடையில் நாலு நாள் வெயில் கிடைக்கும்போது அறுத்துக் காயவைக்க வேண்டும். மெகாஹர்னின் கதைகளில் புல் அறுப்பு ஏன் அவ்வளவு பதற்றத்தோடு வருகிறது என்று நண்பர் தனியாகக் கேட்டிருந்தார். காரணம் இதுதான். வானம் ஏமாற்றினால் குளிர்காலத்தில் மாட்டுக்கு வயிறு காயும். இன்றைக்கும் பெரும்பாலும் பசுவோடு கன்றை வளர்த்து, பால்குடி மறந்த கன்றைச் சந்தையில் விற்பார்கள். வாங்கிப் போய்க் கொழுக்கவைப்பவர்கள் நல்ல புல் நிலம் உள்ள பகுதிகளின் விவசாயிகள். லாபத்தின் பெரும்பங்கு அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். கஷ்டமான பகுதி மட்டும் லீட்ரிமில் தங்கிவிடுகிறது.

இந்த நிலத்தை நம்பி 1841இல் 1,55,297 பேர் வாழ்ந்தார்கள் என்பதை நினைத்தால் திகைப்பாக இருக்கிறது. உருளைக்கிழங்கு ஒன்றுதான் அத்தனை பேரையும் தாங்கியது. நோய் தாக்கி அது அழுகியதும் பஞ்சம். பத்தே ஆண்டில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஆட்கள் குறைந்தார்கள். செத்தவர்களும் கப்பல் ஏறியவர்களும் சேர்த்து. ஆனால் அதிர்ச்சி தருவது பஞ்சத்துக்குப் பிறகு நடந்தது. சரிவு நிற்கவே இல்லை. ஒன்றரை நூற்றாண்டு இறங்கி, 1996 கணக்கெடுப்பில் 25,057 பேர். நியூயார்க், பிறகு லண்டன், பர்மிங்ஹாம். கட்டட வேலை, செவிலியர் வேலை, கார் தொழிற்சாலை. 2022இல் 35,199 என்று ஏறியிருக்கிறது. இருந்தாலும் அயர்லாந்திலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இன்றும் இதுவே.

எல்லையும் தன் பங்குக்கு அடித்தது. 1920களில் அயர்லாந்து பிரிந்தபோது ஃபெர்மானா பிரிட்டிஷ் ஆட்சியிலேயே தங்கிவிட்டது. பிறகு வட அயர்லாந்துக் கலவரக் காலத்தில் எல்லைச் சாலைகளை ராணுவம் அடைத்தது. கில்டிக்ளோகர் போன்ற ஊர்களின் வியாபாரம் பாதி அந்தப் பக்கத்து ஜனங்களை நம்பியிருந்தது. சாலை போனதும் கடைத்தெரு காய்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவரான ஷான் மக் டியர்மடா பிறந்த ஊரும் கில்டிக்ளோகரே. அவருடைய சிலை ஊர் நடுவில் நிற்கிறது.

மக்கள் போன இடத்தில் மரம் வந்தது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்துக்கு ஈரக் களிமண்ணும் மழையும் ரொம்பப் பிடித்துப்போனது. இன்று லீட்ரிம் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காடு. நாட்டின் சராசரி 11.6 சதவீதம்தான். மரம் வளர்ந்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். அங்கே இருக்கிறவர்களுக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. ஒரே வகை மரம், நெருக்கமாக, இருட்டாக, வீட்டு வாசல்வரை. அடியில் வேறு செடி முளைக்காது. நிலம் வாங்குவது வெளியூர் முதலீடு, அறுவடைக்கு முப்பது நாற்பது வருஷம், அதுவரை அந்த நிலத்தில் யாருக்கும் அன்றாட வேலை இல்லை. பக்கத்து வீட்டு விளக்கு தெரிந்த இடத்தில் இப்போது மரச்சுவர். இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கார்பன் கணக்கு மட்டும் பார்த்தால் இந்த வலி தெரியாது.

அரசு உதவித் திட்டங்களும் கலவையான பலனே தந்தன. 1990களின் இறுதியில் மேல் ஷானன் பகுதிக்கு வரிச்சலுகை அறிவித்தார்கள். வீடு கட்டினால் வரி குறையும். கட்டினார்கள், கட்டினார்கள், குடிவர ஆள் இல்லை. 2011 கணக்கெடுப்பில் லீட்ரிமின் வீடுகளில் பத்தில் மூன்று காலி, நாட்டிலேயே அதிகம். அதே காலத்தில் ட்ரம்ஸ்னா அருகே கதவுப்பலகை செய்யும் ஆலையும், கேரிக்கில் கடன் அட்டை நிறுவனத்தின் அலுவலகமும் வந்தன. ஊரிலேயே மாதச் சம்பளம் என்பதைப் பல குடும்பங்கள் அப்போதுதான் முதலில் பார்த்தன.

கால்வாய்க் கதையை நான் எப்போதும் ஆசையோடு சொல்வேன். ஷானன் ஆற்றையும் வடக்கே ஏர்ன் ஏரிகளையும் இணைக்கும் கால்வாய் 1860இல் முடிந்தது. ரயில் வந்துவிட்ட காலம் அது. கட்டணம் கட்டி அதில் போன படகுகள் மொத்தம் எட்டு என்று சொல்வார்கள். பத்து வருஷம்கூட ஓடாமல் கைவிடப்பட்டு, நூறு ஆண்டுக்கு மேல் புதர் மண்டிக் கிடந்தது. அதையே தோண்டிச் சீரமைத்து 1994இல் திறந்தார்கள்: 63 கிலோமீட்டர், 16 மதகுகள். இரண்டு பக்கத்து அரசுகளும் சேர்ந்து செய்த வேலை. வடக்கே போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இன்றைக்கு வாடகைப் படகில் குடும்பத்தோடு வருபவர்களால் கேரிக், லீட்ரிம் கிராமம், பாலினமோர் எல்லாம் கோடையில் களைகட்டுகின்றன. அப்புறம், 2011இல் ஆலன் ஏரிப் படுகையின் பாறையை நீரழுத்தத்தால் உடைத்து எரிவாயு எடுக்கத் திட்டம் வந்தபோது, விவசாயிகளும் மீன்பிடிப்பவர்களும் கலைஞர்களும் ஆறு வருஷம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். 2017இல் நாடு முழுவதும் நிலப்பகுதியில் அதைத் தடைசெய்து சட்டம் வந்தது. முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள மாவட்டம் தொடங்கிவைத்த போராட்டம் அது.

இனி இலக்கியம். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். மெகாஹர்னை வெறுமையில் முளைத்த ஒற்றை மரம்போலப் பேசுகிறார்கள். உண்மையில் இந்த மண்ணில் எழுத்து மிகப் பழையது. தெற்கு லீட்ரிமில் ஃபீனா என்ற ஊரில் பழைய மடாலயம் ஒன்றின் இடிபாடு இருக்கிறது. அதை நிறுவியவராகக் கருதப்படும் புனிதர் கைலின் பற்றிய பாடல்களையும் கதைகளையும் தொகுத்த 'ஃபீனா நூல்' 1516இல் எழுதப்பட்டது. பக்கத்தில் காசில்ஃபோர் என்ற இடத்தில் ஓ டிக்னன் குடும்பம் பரம்பரையாக வரலாற்றுப் பள்ளி நடத்தியது. வம்சாவளி, ஆண்டுக்குறிப்பு, சட்டம், கவிதை எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுத்துக் காப்பாற்றுவது அந்தக் குடும்பங்களின் தொழில்.

1632 முதல் 1636 வரை அயர்லாந்தின் தொல்கால வரலாறு முழுவதையும் ஒரே தொகுப்பாக எழுதிவைத்த 'நான்கு ஆசிரியர்'களில் ஒருவர் இந்த ஓ டிக்னன் மரபைச் சேர்ந்தவர். அவர்கள் உட்கார்ந்து எழுதியது லீட்ரிம்–டோனிகால் எல்லையை ஒட்டி ஓடும் ட்ரௌஸ் ஆற்றங்கரையில், துரத்தப்பட்ட ஃபிரான்சிஸ்கன் துறவிகளின் ஒதுங்கிடத்தில். பழைய ஐரிஷ் ஆட்சியாளர்கள் தோற்று ஓடிவிட்ட காலம் அது. மொழிக்கும் நினைவுக்கும் முடிவு வந்துவிடும் என்ற பயத்தில், கிடைத்த பழஞ்சுவடிகளை எல்லாம் சேர்த்து எழுதினார்கள். அந்த ஆற்றில் இன்று ஜனவரி 1ஆம் தேதி சால்மன் மீன் பருவம் திறக்கும். அந்த வருஷத்தின் முதல் மீன் யாருக்கு என்று தூண்டிலோடு நிற்பார்கள்.

வெளியிலிருந்து வந்தவர்களும் எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஃபிரான்சிஸ்கோ தெ குவேயார் என்ற ஸ்பானியக் கப்பல் தலைவரின் கடிதம். 1588இல் இங்கிலாந்தைத் தாக்க வந்த ஸ்பெயினின் பெருங்கடற்படை சிதறியபோது, ஸ்லைகோ கடற்கரையில் மூன்று கப்பல்கள் உடைந்து ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். உயிர்தப்பி, அடிபட்டு, கிட்டத்தட்ட அம்மணமாக அவர் நடந்து சேர்ந்தது லீட்ரிம். அங்கே ஓ ரூர்க் என்ற தலைவரின் ஆட்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். பிறகு மெல்வின் ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் மக்ளான்சியின் கோட்டையில் தங்கினார். பெண்களுக்குக் கைரேகை பார்த்துச் சொல்லப்போய், ஊரே கையை நீட்டிக்கொண்டு வந்து நச்சரித்ததை அவரே எழுதியிருக்கிறார். ஆங்கிலப் படை வந்தபோது தலைவனும் மக்களும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போக, இவரும் இன்னும் எட்டு ஸ்பானியர்களும் கோட்டையைக் காத்தார்கள். பனி கொட்டியதும் படை திரும்பிவிட்டது. மகிழ்ந்த தலைவன் தன் தங்கையையே மணம்முடித்துத் தர முன்வந்தபோது, இங்கேயே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து விடியுமுன் நழுவிவிட்டார். அகதிகளுக்கு இடம் கொடுத்த ஓ ரூர்க்கை 1591இல் லண்டனில் தூக்கிலிட்டார்கள்.

ஓ ரூர்க்குகளின் பெயர் இசையிலும் நிற்கிறது. பார்வையற்ற யாழ் இசைஞர் டர்லக் ஓ கேரலன் (1670–1738) மோஹில் ஊரில் சிலகாலம் குடும்பத்தோடு வாழ்ந்தவர். அவருடைய முதல் பாட்டு என்று சொல்லப்படும் 'ஷீ வெக், ஷீ வோர்' லீட்ரிமின் இரண்டு குன்றுகளில் வாழும் தேவதைப் படைகளின் சண்டை பற்றியது. ஓ ரூர்க் விருந்து பற்றிய ரகளையான ஐரிஷ் கவிதைக்கு அவர் இசை அமைக்க, அந்தக் கவிதையை ஜோனதன் ஸ்விஃப்ட் 1720இல் ஆங்கிலமாக்கினார். நூற்றாண்டு கழித்து அந்தோனி ட்ரோலப் வந்தார். அப்போது அவர் நாவலாசிரியர் அல்ல, அஞ்சல் துறை ஊழியர். 1843இல் ஓர் அஞ்சல் நிலையக் கணக்கைச் சரிபார்க்க ட்ரம்ஸ்னாவுக்கு அனுப்பப்பட்டார். நண்பரோடு மாலையில் நடக்கப் போனபோது கூரை விழுந்த பெரிய வீடு ஒன்றைக் கண்டார். கடனில் மூழ்கும் குடும்பத்தின் கதை அங்கேயே மனதில் ஓடியது. 1847இல் வந்த அவருடைய முதல் நாவல் அதுதான். நாற்பதுக்கு மேல் நாவல் எழுதப்போகிறவரின் பேனாவைத் திறந்துவிட்டது லீட்ரிமின் ஓர் இடிந்த வீடு.

கவிஞர் யேட்ஸை எல்லோரும் ஸ்லைகோவுக்கே எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் மனிதக் குழந்தையைத் தேவதைகள் அழைத்துப் போகும் அவருடைய இளமைக்காலக் கவிதையில் விழும் அருவி க்ளென்காருடையது. ஏரி இரண்டு மாவட்டங்களுக்கும் பொது, அருவி லீட்ரிம் பக்கம். ட்ரோமஹேரில் கூட்டத்தின் நடுவே நின்ற மனிதனில் தொடங்கும் கவிதையும் உண்டு.

இப்போது மெகாஹர்ன். 1934இல் டப்ளினில் பிறந்தார். தாய் பள்ளி ஆசிரியை, தந்தை போலீஸ் சார்ஜென்ட். சின்ன வயதில் பாலினமோர் பக்கத்துக் கிராமங்களில் தாயோடு வளர்ந்தார். 1944இல் தாய் புற்றுநோயில் இறந்தபோது வயது ஒன்பது. ஏழு பிள்ளைகளில் மூத்தவர். பிள்ளைகள் எல்லோரும் ராஸ்காமனில் தந்தையின் காவல் குடியிருப்புக்குப் போனார்கள். தாயோடு பள்ளிக்கு நடந்த பாதை, இருபுறமும் வேலி உயர்ந்து மேலே கைகோத்த அந்தச் சந்து, அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டாவது நாவல் 1965இல் தடைசெய்யப்பட்டது. டப்ளினில் அவர் பார்த்த ஆசிரியர் வேலையும் போனது. சில ஆண்டு வெளியூர், வெளிநாடு. பிறகு 1970களில் மனைவியோடு ஃபீனாவுக்கு அருகே ஏரிக்கரையில் சிறு பண்ணை வாங்கித் திரும்பினார். பெரிய மேதாவியாக அல்ல, மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரராக வாழ்ந்தார். 1990இல் அவருடைய நாவல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. 2006இல் இறந்தார். ஆகவில்லன் தேவாலயத்தில் தாயின் பக்கத்தில் புதைக்கப்பட்டார்.

2002இல் வந்த அவருடைய கடைசி நாவலில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை என்று நண்பர் குறைப்பட்டிருந்தார். ஒரு வருஷம் ஏரியைச் சுற்றி ஓடுகிறது. கன்று பிறக்கிறது, புல் அறுக்கிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள். ஆனால் லண்டன் பக்கத்து டேகனம் கார் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஒவ்வொரு கோடையும் ஊருக்கு வரும் ஜானியைக் கவனியுங்கள். வேலை போய், ஊருக்கே வந்துவிடலாமா என்று அவன் கடிதம் எழுதும்போது, அவனை உயிராக நேசிக்கும் சகோதரனின் வீடே கலங்கிப்போகிறது. வருஷம் இரண்டு வாரம் ராஜாவாக வைத்துக் கொண்டாடலாம். தினம் சேர்ந்து வாழ இடமில்லை. மேலே சொன்ன 1,55,297க்கும் 25,057க்கும் நடுவில் ஒவ்வொரு வீட்டிலும் நடந்தது இதுதான். கணக்கெடுப்பில் தெரியாதது அந்த ஒரு கடிதத்தில் தெரிகிறது.

அவரோடு மரபு முடிந்துவிடவில்லை. கேரிக்கில் பிறந்த கவிஞரும் இதழாசிரியருமான சூசன் மிட்செல் (1866–1926) அவருக்கு முந்தியவர். எல்லையோரக் கிராமங்களின் வன்முறையை முகமூடிக் கூத்தின் வடிவில் நாடகமாக்கி 1992இல் மேடையேற்றிய வின்சென்ட் வுட்ஸ் அவருக்குப் பிந்தியவர், ஆலன் ஏரிப் பக்கத்துக்காரர்.

அடுத்து எதைப் படிப்பது என்ற கேள்விக்கு: நினைவுக் குறிப்பு நூலைக் கையிலெடுங்கள். முதல் இரண்டு பக்கம் மண்ணும் வேலியும் சந்தும்தான், அவசரப்படாமல் படியுங்கள். பிறகு கடைசி நாவலை மறுபடி எடுங்கள். பக்கத்தில் லீட்ரிம் வரைபடம் ஒன்று இருக்கட்டும். ஃபீனாவையும் மோஹிலையும் கண்டுபிடித்துவிட்டால், நடுவில் நீலப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும் ஏரிகளில் ஒன்றின் கரையில்தான் அவர் வீடு.